ஆடி நரம்பணுக்கள்: கண்டதும் கருதியதும்

பிறனொருவன் காலில் முள் தைக்கக் காண்பவன் தன் காலைத் தானே வாங்கிக்கொள்கின்றான். கழைக்கூத்தன் கயிற்றின்மேல் ஒருபாற் சாயுங்கால், கீழே நின்று காண்போர் தம்மையறியாமலே மறுபாற் சாய்கின்றனர். அவையில் ஒருவர் கொட்டாவி விடின் அருகிருந்தார்க்கும் அது தொடர்கின்றது. இவை யாவரும் அறிந்த அநுபவங்கள். பிறர்பால் நிகழும் ஒன்று நம்பால் நிகழ்ந்தாற்போல நம் உடம்பை அசைத்தற்குக் காரணம் யாது என்னும் வினா இவற்றினின்றும் எழுகின்றது.

இவ்வினாவிற்கு விடையாக 'ஆடி நரம்பணு' என்னும் பெயர் இக்காலத்துப் பெரிதும் வழங்கப்படுகின்றது. அன்பும் இரக்கமும் பிறப்பது இவ்வணுக்களாலே என்றும், மக்கள் மொழி பெற்றதும் இவற்றாலே என்றும், இவை பழுதுற்ற குழந்தைகளே ஆட்டிசம் உடையராகின்றனர் என்றும் செய்தித்தாள்களும் மேடைப்பேச்சுக்களும் கூறிவருகின்றன. இக்கூற்றுக்களுள் கருவி கொண்டு நேரே காணப்பட்டவை எவை, கண்டவற்றினின்றும் கருதிக்கொள்ளப்பட்டவை எவை, கருதியவற்றுள்ளும் பின்னை ஆராய்ச்சியில் நிலைபெற்றவை எவை, வழுவியவை எவை என்று பகுத்துக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம். காட்சியளவையின் எல்லை இது, கருதலளவையின் எல்லை இது என வேறுபிரித்து ஆராய்தல் அளவை நூல் பயின்ற நம்மவர்க்குப் புதிதன்று. அம்முறையே இப்பொருட்கும் ஏற்புடைத்தாம்.

நரம்பணுவும் அதன் துடிப்பும்

முதற்கண் நரம்பணு இன்னதென்பது சிறிது உணரற்பாலது. மக்களின் மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் உள என்ப. ஒவ்வோர் அணுவும் மெல்லிய கிளைகளை நீட்டிப் பிற அணுக்கள் ஆயிரக்கணக்கானவற்றோடு தொடர்புற்று நிற்கும். ஓரணு எழுச்சியுறுங்கால் அதன்கண் ஒரு வோல்ட்டின் பத்திலொரு பங்களவான மின்மாறுதல் ஒன்று, ஒரு நொடியின் ஆயிரத்திலொரு கூறளவே நின்று மறையும். இதனை யாம் 'துடிப்பு' என்போம். ஓரணுவின் துடிப்பு வலிதாகவும் மெலிதாகவும் மாறுவதில்லை. நொடிக்கு எத்துணைத் துடிப்பு என்னும் எண்ணிக்கையே மாறும். மயிரினும் நுண்ணிய உலோக ஊசியொன்றை அணுவின் அருகே நிறுத்தி, அதன் மின்மாறுதலைப் பெருக்கி ஒலிபெருக்கியிற் செலுத்தின், அவ்வணு துடிக்குந்தோறும் 'டக்' என்னும் ஒலி கேட்கும். ஓரணு எப்பொழுது துடிக்கின்றது, எப்பொழுது அடங்குகின்றது என்பதனை இங்ஙனம் நேரே அறியலாம். இம்முறை மண்டையோட்டைத் திறந்து செய்யப்படுவதாகலின் நலமுள்ள மக்கள்பாற் செய்யலாகாது; பெரும்பான்மையும் விலங்குகளின்பாலே செய்யப்படுகின்றது. இவ்வெல்லையைப் படிப்போர் நினைவில் இருத்துக. பின்வரும் ஐயப்பாடுகளுட் பல இதன்வழித் தோன்றுவன.

பார்மா நகரத்துக் கண்டறிவு

இத்தாலி நாட்டுப் பார்மா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஜியாகோமோ ரிசோலாட்டி என்பாரும், அவருடன் தி பெல்லெக்ரினோ, ஃபடிகா, ஃபொகாஸ்ஸி, கல்லேஸே என்பாரும் மக்காக் என்னும் இனத்துக் குரங்குகளின் மூளையை ஆராய்ந்துவந்தனர். நம் நாட்டு ஊர்ப்புறங்களிலும் கோயிற்புறங்களிலும் காணப்படும் குரங்குகளும் இவ்வினத்தனவே. அவர்கள் ஊசி நிறுத்திய இடம், கையையும் வாயையும் இயக்குதற்கு முன் ஆயத்தஞ் செய்யும் மூளைப்பகுதி. 'எஃப்–5' என்று குறியிட்டு வழங்கப்படுவது. அப்பகுதியின் அணுக்கள் தனித்தனித் தசைகட்குரியன அல்ல, செய்கைக்குரியன. பெருவிரலும் சுட்டுவிரலும் கூட்டிச் சிறு பொருளைக் கிள்ளியெடுக்குங்கால் துடிப்பது ஓரணு. முழுக்கையாற் பெரும்பொருளைப் பற்றுங்கால் துடிப்பது பிறிதோரணு. இது முன்னரே அவர்கள் அறிந்தது.

எதிர்பாராது கண்டது வேறு. குரங்கு கையை அசைக்காது இருந்துழி, ஆராய்வார் ஒருவர் உணவுத் துண்டினைத் தம் கையால் எடுத்தார். எடுத்த அப்பொழுதே குரங்கின் 'எடுத்தல்' அணு துடித்தது. குரங்கின் கை அசைந்ததோவெனச் சோதித்தனர்; அசைந்திலது. எடுக்கப்பட்டது நிலக்கடலை என்பாரும் பனிக்கூழ் என்பாருமாக இந்நிகழ்ச்சி பலவாறு கதைக்கப்படுகின்றது. அதனால் வரும் பயன் ஒன்றுமில்லை. பயனுடையது ஏட்டிற் பதிவுற்ற செய்தியே. 1992ஆம் ஆண்டில் முதல் அறிக்கை வெளிவந்தது. 1996இல் வெளிவந்த அறிக்கைகளில் இவ்வணுக்கட்கு 'ஆடி நரம்பணு' என்னும் பெயர் இடப்பட்டது. தான் செய்தலும் பிறன் செய்யக் காண்டலும் ஆகிய இரண்டிடத்தும் ஒருபடித்தாய்த் துடிப்பது என்பது அப்பெயரின் பொருள்.

1996ஆம் ஆண்டின் விரிவான அறிக்கையிற் காணும் எண்கள் ஈண்டு நோக்கற்பாலன. இரண்டு குரங்குகளில் ஆராயப்பட்ட அணுக்கள் 532. அவற்றுள் ஆடித்தன்மையுடையன 92. எனவே அப்பகுதியினும் ஆறிலொரு பங்களவே இத்தன்மையன. அத் தொண்ணூற்றிரண்டுள்ளும், செய்யும் செயலும் காணுஞ் செயலும் முற்றும் ஒத்திருப்ப வேண்டுவன 29; பொதுவகையான் ஒத்திருப்பின் அமைவன 56; இரண்டிற்கும் தெளிவான ஒப்புமையின்றி நின்றன 7. இவ்வெண்களை அறியாதார், மூளை முழுதும் கண்ணாடி பதித்த மண்டபம்போல எண்ணிக்கொள்கின்றனர். அஃது உண்மையன்று.

அவ்வணுக்கள் எவ்வழித் துடியா என்பதும் அறியத்தக்கது. உணவைத் தனியே வைத்துக் காட்டினால் அவை துடித்தில. வெறுவெளியிற் கையைப் பற்றுவதுபோல அசைத்துக் காட்டினும் பெரும்பாலும் துடித்தில. கையும் பொருளும் கூடிச் செயலாய வழியே துடித்தன. ஆகவே இவை உருவத்தையோ அசைவையோ தனித்துக் குறிப்பன அல்ல. ஒரு பொருளின்மேற் செல்லுஞ் செயலைக் குறிப்பன என்பது பெறப்பட்டது.

பின்னைச் சோதனைகள்

இக்கருத்தை வலியுறுத்துஞ் சோதனைகள் பல பின்னர் நிகழ்ந்தன. 2001இல், பொருளை வைத்துக் குரங்கிற்குக் காட்டியபின் திரையிட்டு மறைத்து, திரைக்குப்பின் கை சென்று பற்றுமாறு செய்தனர். பற்றுதல் கண்ணுக்குப் புலனாகாதாயினும், சோதித்த அணுக்களில் ஏறக்குறையப் பாதி துடித்தன. திரைக்குப்பின் பொருளில்லையென்று முன்னரே காட்டப்பட்டவழி, அதே கை அதே திரைக்குப்பின் சென்றும் அவை துடித்தில. 2002இல், நிலக்கடலையின் ஓட்டை உடைக்கும் ஒலி, காகிதங் கிழிக்கும் ஒலி ஆகியவற்றைக் கேட்ட மாத்திரையே துடிக்கும் அணுக்கள் சில அறியப்பட்டன. அவை அச்செயலைக் குரங்கு தானே செய்யுங்காலும் துடிப்பனவாம்.

இவற்றினும் நுட்பமுடையது 2005இல் அறிவிக்கப்பட்டது. மூளையின் பக்கப்பகுதியில் உள்ள சில அணுக்கள், உணவை உண்டற்கு எடுக்குங்கால் ஒருவகையாயும், அதே உணவைக் கலத்திலிடுதற்கு எடுக்குங்கால் மற்றொருவகையாயும் துடித்தன. கை நீண்டு பற்றுந்துணையும் இரண்டும் ஒரே செயலே. பின் விளைவே வேறு. பிறனொருவன் எடுக்கக் காணுங்காலும் அவ்வேறுபாடு தோன்றிற்று. ஆயின், குரங்கு அவ்விளைவை முன்னரே உணர்ந்தது எதனால்? கலம் எதிரே வைக்கப்பட்டிருந்தமையாலும், முன்னர்ப் பலமுறை கண்ட பழக்கத்தாலும் என்பது வெளிப்படை. எனவே, அணு தானே பிறன் உள்ளக்கருத்தை ஊடுருவிக் கண்டது என்றல் பொருந்தாது. சூழ்நிலையை அறிந்த அறிவு அவ்வணுவின் துடிப்பிலும் எதிரொலித்தது என்பதே கூறத்தகுவது.

2009இல் அறியப்பட்டவை இரண்டு. ஒன்று, செயல் நிகழுமிடம் குரங்கின் கைக்கு எட்டுவதோ எட்டாததோ என்பதற்கேற்ப, ஆடியணுக்களில் ஏறக்குறையப் பாதியின் துடிப்பு வேறுபடுதல். மற்றொன்று, லண்டன் நகரத்தார் கண்டது. மூளையினின்றும் முதுகுத்தண்டிற்கு நேரே கட்டளை கொண்டுசெல்லும் அணுக்களிலும் ஆடித்தன்மையுடையன உள. அவற்றுட் சில, தான் செய்யுங்கால் துடித்து, பிறன் செய்யக் காணுங்கால் முன்னையினும் அடங்கிவிடுகின்றன. பிறர் செய்யக் கண்டதனையெல்லாம் நாமும் உடனே செய்துவிடாது அமைந்திருத்தற்கு இவ்வடக்கம் ஒரு காரணமாகலாம் என்று அவர்கள் கருதுகின்றனர்.

உவமையின் எல்லை

உவமை எவ்விடத்தும் ஒருபுடையே ஒக்கும். 'ஆடி' என்னும் பெயரை எல்லாவாற்றானும் ஒப்பதாகக் கொண்டமையாற் பல பிழைகள் விளைந்தன. ஆடி தன்முன் வந்த எதனையும் வேற்றுமையின்றிக் காட்டும். இவ்வணுக்களோ தத்தமக்கு உரிய செயலொன்றற்கே துடிப்பன. ஆடி அண்மை சேய்மைகளை உட்கொண்டு தன் தொழிலை மாற்றிக்கொள்வதில்லை, இவை மாற்றிக்கொள்கின்றன. ஆடி தானாக ஒன்றனையும் செய்யாது. இவை செயற்கருவியின் உறுப்புக்கள். அன்றியும், ஆடியின் நிழல் பழக்கத்தால் மாறாது. இவ்வணுக்களின் துடிப்போ பயிற்சியால் மாறுவதாம். ஆகலின், 'செய்தலும் காண்டலும் ஓரணுவில் கூடுகின்றன' என்னும் அவ்வொரு புடையளவே அப்பெயர் பொருந்தும் என்று கொள்க.

மக்கள்பாற் கண்டவை

குரங்கிற் கண்டது மக்கட்கும் உண்டோ எனின், உண்டென்றற்குச் சான்றுகள் உள. ஆயின் அவற்றின் வலிமை ஒருபடித்தன்று.

1995இல் ஃபடிகாவும் உடனாய்ந்தோரும், தலையின் புறத்தே காந்தத் துடிப்பொன்றைச் செலுத்திக் கைத்தசைகளின் எழுச்சியை அளந்தனர். பிறர் ஒரு பொருளைப் பற்றுதலைக் கண்டுகொண்டிருப்பார்க்கு, பற்றுதற்கு வேண்டிய தசைகளின் எழுச்சி மிக்கிருந்தது. செயலைக் காண்பானது உடம்பு அச்செயற்கு உள்ளே ஆயத்தமாகின்றது என்பது இதனாற் பெறப்படும். முள் தைக்கக் கண்டான் கால் வாங்குதல் இதனோடு ஒத்த நிகழ்ச்சி.

1999 முதலாகக் காந்த அதிர்வுப் படக்கருவியாற் செய்த ஆராய்ச்சிகள் பலவாயின. செய்யுங்காலும் காணுங்காலும் மூளையின் ஒரே பகுதியிற் குருதியோட்டம் மிகுதலை அக்கருவி காட்டிற்று. ஆயினும், அக்கருவி அணுவைக் காட்டுவதன்று. பல இலட்சம் அணுக்கள் செறிந்த சிறு கூறொன்றன் குருதியோட்டத்தையே காட்டும். குன்றின்மேல் நின்று நோக்குவான் ஓரூரில் நேற்றும் விளக்கெரிந்தது, இன்றும் விளக்கெரிகின்றது என்று காண்பானாயின், இரண்டிரவும் எரிந்தது ஒரே வீட்டு விளக்கென்று துணிதல் கூடுமோ? கூடாதன்றோ. அங்ஙனமே, ஒரே பகுதி என்பது கொண்டு ஒரே அணு என்று துணிதலும் கூடாது.

லண்டனில் 2005இற் செய்த ஆராய்ச்சியொன்று பயிற்சியின் ஆற்றலைக் காட்டிற்று. பாலே என்னும் ஐரோப்பிய ஆடலிற் பயின்றாரும், கபொய்ரா என்னும் பிரேசில் நாட்டு ஆடலிற் பயின்றாரும் இருவகை ஆடலையுங் கண்டனர். தாந்தாம் பயின்ற ஆடலைக் கண்டபொழுதே அவரவர் மூளையின் இயக்கப்பகுதிகள் மிக்கெழுந்தன. கண்ணாற் காண்டல் இருவர்க்கும் ஒன்றே. உடம்பாற் பயின்றமையே வேறு.

மக்களின் அணுவையே நேரே கண்ட ஆராய்ச்சி 2010இல் வெளிவந்தது. கலிபோர்னியாவில் வலிப்பு நோயாளர் 21 பேர்க்கு, நோய் தொடங்குமிடத்தை அறிதற்பொருட்டு மருத்துவர் மூளையில் ஊசிகளை நிறுத்தியிருந்தனர். அவர்கள் இசைவு பெற்று, 1,177 அணுக்களின் துடிப்பு பதிவு செய்யப்பட்டது. செய்தற்கும் காண்டற்கும் ஒப்பத் துடிப்பன சில அவற்றுள் இருந்தன. செய்யுங்கால் எழுந்து காணுங்கால் அடங்குவனவும் சில இருந்தன. ஆயின் ஊசி நின்ற இடம் மருத்துவத்திற்கு வேண்டிய இடமேயன்றிக் குரங்கின் எஃப்–5 பகுதிக்கு நேரான இடமன்று. ஆகவே, மக்கட்கும் ஆடித்தன்மையுள்ள அணுக்கள் உள என்பது காட்சியால் உறுதியாயிற்று. குரங்கிற் கண்ட அவ்வமைப்பே அவ்வாறே மக்கட்கும் உண்டென்பது கருதலளவில் நிற்கின்றது.

கருதல் மிக்கமை

இனி, இச்சான்றுகளின்மேல் எழுப்பிய கட்டிடத்தைக் காண்போம். 2000ஆம் ஆண்டில், தமிழகத்திற் பிறந்து கலிபோர்னியாவில் ஆராயும் வி. எஸ். இராமச்சந்திரன் என்னும் அறிஞர், உயிர்நூற்கு டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருள் எத்துணைப் பயன்பட்டதோ அத்துணைப் பயன் உளநூற்கு இவ்வணுக்களால் விளையும் என்று எழுதினார். மொழி, பிறரைப் பார்த்துக் கற்றல், பிறர் உளமறிதல், நாகரிக வளர்ச்சி ஆகிய அனைத்தும் இவற்றினின்றும் விளங்கும் என்னும் நம்பிக்கை பரவிற்று. ரிசோலாட்டி முதலாயினார் கொண்ட கோட்பாடு இத்துணை விரிந்ததன்று. காணுஞ் செயலை நம் செயற்கருவியிற் பொருத்திக்கொள்ளுதலாலே பிறர் செயலை உள்ளிருந்து உணர்கின்றோம் என்பதே அவர் கோள்.

இக்கோளின்மேல் அறிஞர் நிகழ்த்திய தடைகள் மூன்றாக வகுக்கப்படும்.

முதலாவது: பார்த்துச் செய்தற்கு இவ்வணுக்களே போதிய காரணமெனின், இவற்றையுடைய மக்காக் குரங்குகள் அதனில் வல்லனவாதல் வேண்டும். அவையோ பிறர் செய்வதனைப் பார்த்து அவ்வாறே செய்தலிற் பெரிதும் குறைபாடுடையன. மொழியும் அவற்றிற்கு இல்லை. காரணம் உள்வழிக் காரியம் நிகழாமையின், இவற்றைத் தனிக்காரணமென்றல் பொருந்தாது. துணைக்காரணமாதற்குத் தடையில்லை.

இரண்டாவது: செய்யுமாற்றலின்றியும் அறியுமாற்றல் நிற்கக் காண்கின்றோம். கிரெகரி ஹிக்காக் என்னும் அமெரிக்க அறிஞர் 2009இல் எழுதிய கட்டுரையிலும், 2014இல் வெளியிட்ட நூலிலும் இதனை விரித்தார். மூளையிற் குருதி தடைப்பட்டுச் சொல்லாற்றல் இழந்தாருட் பலர் பிறர் சொல்லைப் பெரிதும் விளங்கிக்கொள்கின்றனர். 2004இற் பார்மா ஆராய்ச்சியாளரே கண்டது மற்றொன்று. மக்களும் குரங்கும் நாயும் கடித்துண்ணக் காண்பாரது மூளையில் இயக்கப்பகுதி எழுந்தது. நாய் குரைக்கக் காணுங்கால் எழவில்லை. குரைத்தல் நம் செயலன்று. ஆயினும் நாய் குரைக்கின்றது என்பதனை அறியாதார் யார்? எனவே ஆடியணுவின் உதவியின்றியும் அறிதல் நிகழும் என்பது பெறப்பட்டது.

மூன்றாவது: உடனிகழ்தல் ஒன்றே காரணமாதலைக் காட்டாது. செயலை அறியுங்கால் அணு துடித்தது என்பதனால், துடித்தமையாலே அறியப்பட்டது என்று கோடற்கும் இடமுண்டு. அறியப்பட்டமையாலே துடித்தது என்று கோடற்கும் இடமுண்டு. இவ்விரண்டனுள் ஒன்றனைத் துணிதற்கு, அப்பகுதியின் தொழிலைச் சிறிதுபொழுது தடுத்துவைத்து, அறிதல் குறைகின்றதோ என்று நோக்குதலே வழி. காந்தத் துடிப்பால் அங்ஙனஞ் செய்தபோது, செயலை அறியும் நுட்பம் சிறிது குறைந்ததேயன்றி முற்றும் ஒழிந்திலது. இச்சோதனைகளையெல்லாந் தொகுத்து 2022இல் ஆராய்ந்த ஹேயஸ், காட்முர் என்னும் இருவரும், விரலாற் கிள்ளுதலோ கையாற் பற்றுதலோ என்றாற்போலும் செயல்வேற்றுமையை அறிதற்கு இவ்வணுக்கள் உதவுகின்றன என்றும், பிறர் உள்ளக்கருத்தை உய்த்துணர்தற்கு இவை காரணமாதல் நிறுவப்படவில்லை என்றும் முடிவு கூறினர்.

ஆட்டிசம் பற்றிய கூற்று

கருதல் எல்லை கடந்தவழி விளையுங் கேடு ஆட்டிசம் பற்றிய கூற்றிலேயே நன்கு விளங்கும். பிறரோடு பழகுதலிலும் பேசுதலிலும் வேறுபட்ட இயல்புடைய இக்குழந்தைகட்கு ஆடியணுக்கள் குறைபட்டிருக்கலாம் என்னும் கருத்து 2001இல் எழுந்தது. 2006இல் அது 'உடைந்த ஆடி' என்னும் பெயரொடு பொதுமக்கள் படிக்கும் இதழ்களிற் பரவிற்று. கேட்டற்கு எளிமையும் அழகும் உடையதாகலின் பலரும் அதனை மெய்யென்றே கொண்டனர்.

ஆயின், சோதனை தாங்கிற்றில்லை. 2010இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், ஆட்டிசமுடையாரது மூளையின் இப்பகுதிகள் பிறர் கையசைவைக் காணுங்காலும் தாம் அசைக்குங்காலும் ஏனையோர் மூளையைப் போலவே தொழிற்பட்டமை காணப்பட்டது. வெளிவந்த ஆராய்ச்சிகள் பலவற்றையும் 2013இல் ஒருங்குவைத்து நோக்கிய அன்டோனியா ஹாமில்டன் என்னும் அம்மையார், ஆடியமைப்பு முழுதும் பழுதுற்றது என்னும் கோளிற்குச் சான்று மிகச் சிறிது என்று காட்டினார். பிறர் செயலின் குறிப்பை இக்குழந்தைகள் உணர்தலும் பல சோதனைகளிற் காணப்பட்டது.

இதனை விரித்துக் கூறியது எற்றுக்கெனின், தன் மகனை நோக்கி, 'இவன் உள்ளத்திற் பிறர்துன்பம் படியாது. படிதற்குரிய ஆடியே இவன்பால் உடைந்தது' என்று ஒரு தாய் நம்புவாளாயின் அந்நம்பிக்கை அவள் அவனோடு பேசுமாற்றையும், அவனைத் தழுவுமாற்றையும், அவன்பால் எதிர்பார்க்குமாற்றையும் மாற்றிவிடும். ஆசிரியன் நம்புவானாயின் கற்பித்தலைக் கைவிடுவான். போதிய சான்றில்லாத ஒரு சொல், குற்றமற்ற குழந்தையின்மேல் இரக்கமின்மை என்னும் குற்றத்தை ஏற்றிற்று. அளவை நூலைப் பேணுதல் வெறுஞ் சொற்போர்க்கன்று என்பதற்கு இதனினும் வேறு எடுத்துக்காட்டு வேண்டுமோ?

பிறவியால் வருவதோ, பயிற்சியால் வருவதோ

இவ்வணுக்களின் ஆடித்தன்மை உடன்பிறந்ததோ, பின் வந்ததோ என்பது இன்னும் வழக்கில் உள்ளது. உயிரினத்தின் நெடுங்கால மாறுதலால் இப்பயன் கருதியே அமைந்தது என்பார் ஒருசாரார். குழந்தை தன் கையை அசைக்குந்தோறும் அவ்வசைவைத் தானே காண்கின்றது. முதியோர் அதன் முகக்குறிப்பைப் பார்த்துத் தாமும் அவ்வாறே செய்துகாட்டுகின்றனர். இங்ஙனம் செய்தலும் காண்டலும் பலகால் உடனிகழ, இரண்டற்குமுரிய அணுக்கள் தம்முட் பிணிப்புண்கின்றன என்பார் மற்றொருசாரார். இக்கோளின் தலைவர் மேற்கூறிய செசிலியா ஹேயஸ் அம்மையார்.

இவர்க்குத் துணையாவது 2007இல் லண்டனிற் செய்த சோதனை. சுட்டுவிரல் அசையக் காணுங்காற் சிறுவிரலையும், சிறுவிரல் அசையக் காணுங்காற் சுட்டுவிரலையும் அசைக்குமாறு சிலரைப் பயிற்றினர். பயின்றபின், சுட்டுவிரலைக் கண்டபொழுது அவர்தம் சிறுவிரற்றசையே மிக்கெழுந்தது. ஆடியின் நிழலைப் பயிற்சியால் மாற்றலாயிற்று. பிறந்து சில நாளான மகவும் முதியோர் நாநீட்டலைப் பார்த்துத் தானும் நாநீட்டும் என்று 1977இல் அமெரிக்காவிலிருந்து வந்த செய்தி முன்னையோர்க்குச் சான்றாயிருந்தது. 2016இல் ஆஸ்திரேலியாவில் நூற்றுக்கு மேற்பட்ட மகவுகளைத் தொடர்ந்து நோக்கியவர்கள் அதனைக் கண்டிலர். அமெரிக்க நாட்டுச் சதுப்புநிலக் குருவியொன்றன் மூளையில், தன் பாட்டைப் பாடுங்காலும் அதனையொத்த பாட்டைக் கேட்குங்காலும் துடிக்கும் அணுக்கள் 2008இற் கண்டறியப்பட்டன. அக்குருவி பாட்டைக் கேட்டுக் கற்பது என்பது கருதத்தக்கது.

துன்பம் படிதலும் இரங்குதலும்

இறுதியாக, இரக்கம் இவ்வணுக்களின் தொழிலோ என்பது. பிறர் வலியைக் கண்டவழி, தன் வலியிற் கலங்கும் மூளைப்பகுதிகளுட் சிலவே கலங்குகின்றன என்று 2004இல் லண்டனில் அறியப்பட்டது. கலங்கியவை வலியின் துன்பத்தன்மைக்குரிய பகுதிகள். இன்ன உறுப்பில் இத்துணை வலி என்று உணர்த்தும் பகுதிகள் அல்ல. 2019இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்தார், எலி தான் வலியுறுங்காலும் மற்றோரெலி வலியுறக் காணுங்காலும் துடிக்கும் அணுக்களைக் கண்டனர். அப்பகுதியின் தொழிலைத் தடுத்தபொழுது, பிற எலியின் துன்பங் கண்டு உறைந்துநிற்கும் நிலை குறைந்தது. பிறர்துன்பம் தன்பாற் படிதற்கு இத்தகைய அணுக்கள் கருவியாகின்றன என்றற்கு இது வலிய சான்று.

ஆயின் 2023இல் ஸ்டான்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தார் கண்டதனையும் இதனோடு வைத்து எண்ணுக. சுண்டெலி தான் சண்டையிடுங்காலும், பிற இரண்டு சண்டையிடக் காணுங்காலும் துடிக்கும் அணுக்கள் மூளையின் அடிப்பகுதியில் உள. அவற்றை அடக்கின் சண்டை குறைகின்றது, எழுப்பின் மிகுகின்றது. துன்பத்தை ஆடிபோல ஏற்கும் அணு உண்டாயின், சினத்தை அங்ஙனம் ஏற்கும் அணுவும் உண்டு. எனவே ஆடித்தன்மை தானாக நன்றுமன்று, தீதுமன்று. பிறன் வலியை நன்குணர்ந்தவன் அதனைத் தணித்தற்கும் வல்லன். பகைவனாயின் அதனை மிகுத்தற்கும் வல்லன். உணர்தல் வேறு, இரங்கிச் சென்று உதவுதல் வேறு. முன்னதற்குக் கருவி உண்டென்பது கொண்டு பின்னதனையும் அக்கருவியின் செயலாக ஏற்றுதல் முறையன்று.

முடிபு

இதுகாறும் கூறியவாற்றால் தெளியப்படுவன இவை. செய்தற்கும் காண்டற்கும் ஒருங்கு துடிக்கும் அணுக்கள் குரங்கினும் மக்களினும் பிற உயிர்களினும் உள என்பது காட்சியால் நிலைபெற்றது. அவை செயலின் வேறுபாட்டை அறிதற்கு ஓரளவு துணையாகின்றன என்பதும், பயிற்சியால் மாறுகின்றன என்பதும் சோதனைகளால் வலியுற்றன. மொழியும் உளமறிதலும் நாகரிகமும் இவற்றினின்றே தோன்றின என்பது நிறுவப்படாத கருதல். ஆட்டிசம் இவற்றின் பழுது என்பது சோதனையில் வீழ்ந்த கருதல். அதனை இன்னும் எடுத்தோதுவார் அதனைக் கைவிடுதலே அறம்.

ஊசியின் நுனி காட்டுவது அணுவின் துடிப்பு. அத்துடிப்பினைக் கருவியாகக் கொண்டு அறிபவன் யார் என்பது அவ்வூசி வினவாத வினா. அதற்கு விடையாக இவ்வாராய்ச்சியைக் காட்டி ஒன்றனை நாட்டுதலும், ஒன்றனை மறுத்தலும் ஒப்ப மிகையாம். கழைக்கூத்தன் சாயுங்கால் நம் உடம்பு சாய்தற்கு ஒரு காரணம் கிடைத்தது. அவன் வீழ்ந்துழி, கூட்டத்தினின்றும் ஓடிச்சென்று தாங்குவான் ஒருவனும் நின்று நோக்குவான் ஒருவனுமாகப் பிரிதற்குக் காரணம் இவ்வணுக்களின் துடிப்பால் இதுகாறும் விளங்கிற்றில்லை.